சுடலைமாடத்தியின் காளான் தொழுவம்

“எத்தனை நாளா நடக்குது இந்த வேலை? நல்ல வித்து அம்புட்டையும் உன் பையில போட்டுக்கிட்டு, சொத்தையைப் பூராம் என் தலையில கட்டியிருக்க.”

“அக்கா, வார்த்தையை அளந்து பேசுங்க. பாட்டிலை உடைச்சது நீங்க. தட்டுல கொட்டுனது நீங்க. இது உனக்கு, இது எனக்குன்னு பங்கு வச்சதும் நீங்க.”

“அப்ப உன் வரிசை மட்டும் எப்படிப் பூக்குது? என்னுது மட்டும் ஏன் நாறுது?”

“நாறுறதுகிட்டயே கேளுங்க.”

இந்தக் கடைசி வார்த்தையை நூர்பானு சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் சுடலைமாடத்தி வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் இடுப்பளவுதான். கட்டிய கொத்தனார் அப்படிக் கட்டிவிட்டுப் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்? துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. ஒரே சேலையைக் கால் மணி நேரமாக உதறிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான்.

நூர்பானு அதோடு திரும்பினாள். தொழுவத்துக்குள் போய், தன் வரிசையில் தொங்கிய பதினெட்டுப் பைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, இடுப்புக்கு ஒன்று கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு எதிர்வீடான தன் வீட்டுக்குப் போனாள். ஒன்பது நடை. சுடலைமாடத்தி வாசலில் நின்று ஒன்பது நடையையும் பார்த்தாள். ஒரு பையைக்கூட அவள் தூக்கிக் கொடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்றாம் வருசம், கார்த்திகை மாதம், எங்கள் மம்சாபுரத்தில் இப்படியாகக் காளான் கூட்டு உடைந்தது.

கூட்டு சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களுக்கு மூன்று நாள் காளான் வளர்ப்புப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் எங்கள் தெருவிலிருந்து ஏழு பேர் போனோம். முதல் நாள் சாப்பாடு தயிர்ச்சோறும் ஒரு துண்டு நார்த்தங்காயும். இரண்டாம் நாள் சுடலைமாடத்தியும் நூர்பானுவும்தான் போனார்கள்.

சுடலைமாடத்தி போனதற்குக் காரணம் இருந்தது. ஆடி மாதத்தில் அவர்கள் வீட்டு மாடு வயிறு உப்பிச் செத்துப்போனது. தொழுவம் சும்மா கிடந்தது. அவள் புருசன் ராக்கப்பன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறவர். மாடு இருந்தபோது புல்லறுப்பு, சாணி, தண்ணீர், பால் எல்லாம் சுடலைமாடத்தியின் தலையில்தான். பால்காசு மட்டும் அவர் சட்டைப் பையில். மறுபடியும் மாடு வாங்கப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்றுதான் இவள் நோட்டீஸைப் பார்த்தாள்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வைக்கோலைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும். பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓரத்தைச் சுற்றி வித்து, மேலே மறுபடி வைக்கோல். வித்து என்பது பாட்டிலில் வருகிற வெந்த சோளம். பஞ்சு பிடித்தாற்போல வெள்ளையாக இருக்கும். பையின் வாயைக் கட்டி, கோணி ஊசியால் துளை போட்டு, உறி மாதிரித் தொங்கவிட்டால் பதினெட்டு இருபது நாளில் பை பூராவும் வெளுத்துவிடும். அப்புறம் பிளேடால் பையைக் கிழித்துத் தண்ணீர் தெளித்துவர, ஐந்தாறு நாளில் சிப்பி சிப்பியாக விரியும்.

பயிற்சியில் அந்த ஆபீசர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “சுத்தம் முக்கியம்மா. கையைக் கழுவாம உள்ள போகக் கூடாது. செருப்பு கூடாது. கண்டவங்களை உள்ள விடக் கூடாது.” நூர்பானு இதைக் கேட்டு ஒரு சோப்புக் கட்டி வாங்கித் தொழுவத்து வாசலில் வைத்தாள். சுடலைமாடத்தி இதைக் கேட்டுத் தொழுவத்தைக் கோயிலாக்கினாள். தலைமுழுகி, கைக்கும் முழங்கைக்கும் மஞ்சள் பூசாமல் உள்ளே போகமாட்டாள். துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அவள் மகள் செல்லக்கனிக்கே மாதம் மூன்று நாள் தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோல் படப்பு ஓரத்துச் சாய்ப்புக் கூரைக்கடியில்தான் இருப்பு. பத்தொன்பது வயதுப் பெண், பிளஸ் டூ படித்தவள், பேசாமல் ஒரு தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

முதல் ஈட்டுக் காளான் இரண்டு பேருக்கும் நன்றாகவே வந்தது. நூர்பானுவின் புருசன் சாகுல் ஹமீது சைக்கிளில் முட்டை கொண்டுபோய் ராஜபாளையத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். முட்டைத் தட்டுக்கு மேல் காளான் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு போனார், வெறும் தட்டோடு வந்தார். தெருவே வந்து பார்த்தது. அடுத்த ஈட்டில் சுடலைமாடத்தியின் பை நாலைந்து கெட்டுப்போயின. எத்தனை கண் பட்டதோ, வைக்கோல் ஆறும்போது கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னார்கள்; பைக்கும் செவ்வாய் வெள்ளி தெளிக்கச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்பது இப்போது எதற்கு? அவள் தெளித்தாள். அதிலும் பண்பு பாருங்கள், நூர்பானு வைக்கோலிலும் நூர்பானு வரிசையிலும் ஒரு சொட்டு விழவிடவில்லை. “அவியளுக்கு ஆகுமோ ஆகாதோ” என்று என்னிடமே சொன்னாள்.

அதற்கப்புறம்தான் அவள் பைகள் வெளுப்பதையே நிறுத்தின. வைக்கோல் வைக்கோலாகவே கிடந்து, பத்தாம் நாள் புளித்த கஞ்சி வாடை அடிக்கும். நூர்பானுவின் பைகள் எதிர்வரிசையில் கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டிருந்தன. சுடலைமாடத்தி இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டினாள். கடைசியில் வித்தில் கள்ளம் என்று முடிவு கட்டினாள். சண்டை அங்கே வந்து நின்றது.

ராக்கப்பன் கணக்காக அந்த நேரம் பார்த்து எழுந்து வந்தார். “மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவத்துல மாடு நிக்கணும். கான்சாபுரத்துல சொல்லி வச்சாச்சு” என்றார்.

சுடலைமாடத்தி அடுப்பை ஊதிக்கொண்டே, “மாடு வந்தா நீங்கதான் சாணி அள்ளணும்” என்றாள்.

“நான் எதுக்கு அள்ளுதேன்? நீ எதுக்கு இருக்க?”

ஊதுகுழல் அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஊதியது.

பெண்கள் பேசாவிட்டால் என்ன, ஆண்களுக்குள் டீக்கடைப் பேச்சு நிற்கவில்லை. மார்கழி பிறந்து சாகுல் ஹமீது ஒரு சேதி கொண்டுவந்தார். ராஜபாளையத்தில் கல்யாண சமையல் பிடிக்கிற ஆவுடையப்பன், தை பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் பத்து கிலோ காளான் கேட்கிறாராம். தெலுங்கு பேசுகிற வீட்டுக் கல்யாணம். பந்தியில் கறி மாதிரி ஒன்று வேண்டும், கறியாகவும் இருக்கக் கூடாதாம். நன்றாக வந்தால் இனி எடுக்கிற கல்யாணத்துக்கெல்லாம் இங்கேதானாம்.

“உம்ம வீட்டுலயே குடுக்கலாமே பாய்” என்று ராக்கப்பன் கேட்டார்.

“எங்க வீட்டுல தினம் ஒரு கிலோ வருது. மொத்தமா பத்து கிலோவுக்கு எடம் கிடையாது. குளிக்கிற மறைப்புலகூட பை தொங்குது. நான் தெருக்குழாயிலதான் குளிக்கேன்.”

ராக்கப்பன் இதை வீட்டில் வந்து சொன்னார். சுடலைமாடத்தி அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்று பேசினாள். “இந்தப் பத்துக் கிலோவை நான் குடுத்துட்டா, தொழுவம் எனக்கு. குடுக்க முடியலைன்னா மறுநாளே மாட்டைக் கொண்டாந்து கட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.” வாயே திறக்க மாட்டேன் என்றது ராக்கப்பனுக்குப் பிடித்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

மதுரைக்கு ஆள் போய் வித்துப் பாட்டில்கள் வந்தன. வைக்கோலும் நறுக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கான்சாபுரத்தில் சுடலைமாடத்தியை வளர்த்த சித்தி தவறிப்போனாள். இவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். ராக்கப்பன் போய் ஒருநாள் இருந்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பிவிட்டார். சுடலைமாடத்தி வர நாலு நாள் ஆகும் என்றார். வந்தாலும், மகள் மாதிரி வளர்ந்தவள் என்பதால் பதினாறு நாளும் தனக்குத் தீட்டு என்று அவளே தீர்மானித்துவிட்டாளாம். அதாவது தொழுவத்துக்குள் போகமாட்டாள். தை பத்துக்குப் பூக்க வேண்டுமென்றால் அந்த வாரமே பை கட்டியாக வேண்டும். வித்தும் அதற்குமேல் தாங்காது. செல்லக்கனி கட்டலாம்தான். ஆனால் அவள் அன்று காலையில்தான் தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு சாய்ப்புக்குப் போயிருந்தாள்.

அப்பனுக்கும் மகளுக்கும் அந்த மூன்று நாளும் சோறு நான்தான் கொடுத்தேன். அதனால்தான் பார்த்தேன், இல்லையென்றால் எனக்கு எதற்கு அந்த வேலை? இரண்டாம் நாள் மத்தியானம் ராக்கப்பன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொல்லையில் அண்டா கொதிக்கிறது. செல்லக்கனி சாய்ப்பில் உட்கார்ந்து பை அடைக்கிறாள். பக்கத்தில் அடைத்த பைகள் பன்னிரண்டோ பதின்மூன்றோ.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணுத?”

“சோறு கொண்டாந்தீகளா அத்தை? செத்த அந்தத் துணுக்கெல்லாம் எடுத்துத் தாங்க.”

பழைய தாவணியைக் கிழித்து நாடா நாடாவாக வைத்திருந்தாள். பையின் வாயைச் சுருட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரட்டைச் சடையில் கட்டுகிற ரிப்பன் மாதிரி ஒரு முடிச்சு. எடுத்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் நாலைந்து பேருக்கு மேல் சொன்னதில்லை.

சுடலைமாடத்தி ஊரிலிருந்து வந்ததும் வாசலில் நின்றபடியே தொழுவத்துக்குள் பார்த்தாள். முப்பத்திரண்டு பைகள் வரிசையாகத் தொங்கின.

“யாரு கட்டுனா?”

“நூர்பானு அக்கா வந்து கட்டிக் குடுத்துட்டுப் போனாவ.” செல்லக்கனி கண்ணைக்கூட இமைக்கவில்லை. “உங்க அம்மாகிட்டச் சொல்லாதன்னாவ. நீயும் போயி ஒண்ணும் கேட்டுக்கிடாத.”

சுடலைமாடத்தி எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். பதினாறு நாளும் செல்லக்கனிதான் தொழுவத்தைக் கவனித்தாள். பதினேழாம் நாள் அம்மாக்காரி முழுகிவிட்டு, செம்பு நிறைய மஞ்சத்தண்ணியோடு தொழுவத்து வாசலுக்கு வந்தாள். மகள் குறுக்கே நின்றாள்.

“நூர்பானு அக்கா கட்டுன பைம்மா. அவியளுக்கு ஆகுமோ ஆகாதோன்னு நீதான சொல்லுவ.”

செம்பு திரும்பிப் போய்விட்டது. அந்தப் பொய்க்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று சொல்லும்போதே யோசித்திருந்தாளோ என்னவோ. பிளஸ் டூ படித்த பிள்ளை.

மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் மாடு இல்லை. ராக்கப்பன் தன் சைக்கிளைக் கழுவி, ஹாண்டில்பாருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கரும்புத் தோகையைக் கட்டி வாசலில் நிறுத்தினார். போகிற வருகிறவர்களிடமெல்லாம், “எங்க வீட்டு மாடு” என்று காட்டினார். சுடலைமாடத்தி அதற்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

பைகள் பொங்கலுக்கு முன்பே பால் மாதிரி வெளுத்திருந்தன. தை ஒன்பது வியாழக்கிழமை சாயங்காலம் தொழுவத்தில் கால்வைக்க இடமில்லாமல் பூத்து நின்றது. கையகலம், காதுமடல் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று. சுடலைமாடத்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவைத் தாண்டி நேரே நூர்பானு வீட்டுக்குப் போனாள். நானும் கறிவேப்பிலை கேட்க அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது.

“நூர்பானு, நான் சொன்னதெல்லாம் தப்பு. நீ மனசுல வச்சுக்கிடாம வந்து கட்டிக் குடுத்திருக்க. முப்பத்திரண்டு பையும் பூத்துருச்சு. வந்து பாரு.”

நூர்பானு முட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “என்ன அக்கா சொல்லுதீக? உங்க வாசலை மிதிச்சு ரெண்டு மாசமாச்சு.”

“வேண்டாம்மா, கனி சொல்லிட்டா.”

“என்னத்தைச் சொன்னா?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் ஏன் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. நூர்பானு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். தொழுவத்துக்குள் நுழைந்தவள் பூவைப் பார்க்கவில்லை, பையின் வாயைத்தான் பார்த்தாள்.

“நான் ரப்பர் பாண்டு போடுவேன். நீங்க சணல்ல சுருக்குப் போடுவீக. இது ரிப்பன் முடிச்சு அக்கா. உங்க வீட்டுல யாரு ரிப்பன் கட்டுவா?”

செல்லக்கனி கிணற்றடியிலிருந்து வந்தாள். மறைக்கவில்லை. “நான்தான் கட்டுனேன். தூரமா இருந்த அந்த மூணு நாள்ல.”

சுடலைமாடத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “தீட்டோட கட்டுனதா பூத்திருக்கு? நான் தலைமுழுகி, மஞ்சள் பூசி, கும்பிட்டுக் கட்டுனதெல்லாம் அழுகிச்சு?”

“அம்மா, நீ மாங்காய் ஊறுகாய்க்கு எதுக்கு மஞ்சள் போடுத?”

“பூசணம் பிடிக்காம இருக்க.”

“பழைய பாட்டில்ல இருக்கிற வித்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. வெள்ளை வெள்ளையா அது என்ன?”

அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாட்டிலில் இருப்பதும் பூசணம்தான், ஊறுகாய்ப் பானையில் கண்டால் தூக்கி எறிவோமே, அதே இனம். அதை வைக்கோலில் வளர்க்கிறோம் என்று போட்டு, மேலே மஞ்சளைத் தெளித்துத் தெளித்துச் சாகடித்திருக்கிறாள்.

“சாய்ப்புல இருந்த மூணு நாளும் என் கையில மஞ்சள் இல்ல” என்றாள் செல்லக்கனி. “நூர்பானு அக்கா கையில எப்பவும் இல்ல. அம்புட்டுத்தான்.”

சுடலைமாடத்தி மெல்ல என் பக்கம் தலையைத் திருப்பினாள். “மதினி, மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னது யாரு?”

எனக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஆனாலும் வாசல்வரை போய் நின்றுகொண்டேன். அடுத்தது என்ன என்று தெரியாமல் எப்படிப் போவது?

ஏனென்றால் அடுத்ததுதான் பெரிய சிக்கல். காளான் போகப்போவது கல்யாணப் பந்திக்கு. ஒரு பெண் கழுத்தில் தாலி ஏறுகிற அன்று, தூரமான கை தொட்டதை இலையில் வைப்பதா? சுடலைமாடத்திக்கு அது சும்மா சாக்குப்போக்கு இல்லை. அவள் அப்படி நம்புகிறவள். கொடுக்காவிட்டால் மறுநாள் மாடு. வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவளும் அவள்தான்.

“கொதிக்கிற எண்ணெயில போடப்போறாவ அக்கா” என்றாள் நூர்பானு. “அதுக்குமேல என்ன இருக்கு?”

சுடலைமாடத்தி எழுந்து வீட்டுக்குள் போனாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒன்றேகால் ரூபாயை மஞ்சத்துணியில் முடிந்துவைத்து, செய்த தப்பைப் பொறுக்கச் சொல்லி வைக்கிற தப்புக் காசு என்றாள். முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டே தொழுவத்துப் பக்கம் வந்தவளை மகள் நிறுத்தினாள். “துணியும் மஞ்சள்தாம்மா. அங்கயே வை.” திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தாள்.

“காலையில எத்தனை மணிக்குப் பறிக்கணும்?” என்று நூர்பானுவைக் கேட்டாள்.

“விடிஞ்சதும் அவரு கிளம்பணும். அஞ்சு மணிக்கு வாரேன்.”

வெள்ளிக்கிழமை விடிகாலை, சுடலைமாடத்தி தலைமுழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். முகத்தில் மஞ்சள் இல்லை, கையில் இல்லை, காலில் இல்லை. கல்யாணமாகி இருபத்தொரு வருசத்தில் அவளை வெள்ளிக்கிழமை அப்படி நான் பார்த்ததே கிடையாது. குழாயடியில் இரண்டு பேர் என்னிடம் வந்து, ராக்கப்பனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்கள். மில்லில் நன்றாக இருக்கிறார் என்றேன். அவர்கள் நம்பின மாதிரி தெரியவில்லை.

மூன்று பேரும் பறித்தார்கள். பத்தே முக்கால் கிலோ நின்றது. சாகுல் ஹமீது அன்றைக்கு முட்டை ஏற்றவில்லை; சைக்கிள் பூராவும் காளான். எட்டு மணிக்கு ராக்கப்பன் ஷிப்டு முடிந்து வந்து தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தார். காம்பு மட்டும் ஒட்டிக்கொண்டு பைகள் தொங்கின. “பொறவு என்ன, அடுத்த ஈடு எப்ப?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். மாட்டைப் பற்றிப் பேசவில்லை. சுடலைமாடத்தி வாயைத் திறந்து சிரித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

ஆவுடையப்பன் அந்த வருசமே இன்னும் ஆறு கல்யாணத்துக்கு எடுத்தார். நூர்பானுவின் பைகள் எதிர்வீட்டுக் குளியல் மறைப்பிலிருந்து திரும்ப வந்தன; சாகுல் ஹமீதும் வீட்டுக்குள் குளிக்க ஆரம்பித்தார். சுடலைமாடத்தி மஞ்சள் பூசுவதை விட்டுவிடவில்லை. தொழுவத்து வேலை எல்லாம் முடிந்து சாயங்காலம்தான் பூசுவாள். செல்லக்கனியை மட்டும் சாய்ப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டதற்கு, வைக்கோல் நனைகிறது, அங்கே இடமில்லை என்றாள்.

தொண்ணூற்று மூன்று ஆவணியில் செல்லக்கனிக்குக் கான்சாபுரத்திலேயே மாப்பிள்ளை அமைந்தது. பேர் சமுத்திரம், இரண்டு ஏக்கர் நஞ்சை, தொழுவத்தில் மூன்று மாடு. மறுவீட்டுக்குப் போகும்போது சீர்த்தட்டோடு நாலு வித்துப் பாட்டிலும் போனது. மாமியார்க்காரி அதை என்னவோ மருந்து என்று நினைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாளாம். இப்போது அந்தத் தொழுவத்தில் ஒரு மாடுதான் இருக்கிறது என்று கேள்வி. சாகுல் ஹமீதும் நூர்பானுவும் அதற்கு அடுத்த வருசம் ராஜபாளையத்தில் முட்டைக்கடை பிடித்துக் குடிபோய்விட்டார்கள். கடைக்குப் பின்னால் காளான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தோறும் சுடலைமாடத்தி பஸ் ஏறிப் போய்ப் பறித்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். ராக்கப்பன் கடைசியில் ஒரு மாடு வாங்கித்தான் தீர்ந்தார். தொழுவம் கிடைக்காததால் எங்கள் வீட்டுச் சுவரோரம்தான் கட்டியிருக்கிறார். சாணியும் அவர்தான் அள்ளுகிறார். தினமும் பார்க்கிறேன்.